ஒரே பெட்டியில் இரண்டு துப்பாக்கிகள்

நம் பத்திரிகை வேலையில் பிழை நேர்ந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. ஊர் மாறிவிட்டால், பதவி மாறிவிட்டால், இறந்தவர் படத்துக்குப் பதில் உயிரோடு இருப்பவர் படம் வந்துவிட்டால், மறுநாள் திருத்தம் வெளியிடுகிறோம். மூன்றையும் நான் செய்திருக்கிறேன். மூன்றாவதைச் செய்தபோது நெல்லிக்குப்பத்திலிருந்து அந்த மனிதரே கடலூர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "செத்ததுக்கு அப்புறமும் பஸ்ஸுல டிக்கெட் கேக்கறாங்க சார். ஒரு டீயாவது சொல்லுங்க" என்றார். டீ சொன்னோம். திருத்தம் போட்டோம். அவர் அதை வெட்டி வைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்லப் போவது பிழையே இல்லாத ஒரு கட்டுரையைப் பற்றி. அதனால்தான் அதற்குத் திருத்தம் போட முடியவில்லை. மாவட்டச் செய்தியாளராக முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தேன். புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வெள்ளம், புயல், தேர்தல் பற்றித்தான். அவற்றை நீங்களே கற்றுக்கொள்வீர்கள். இதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் இருந்தபோது, ஆயுத பூசைக்கு வித்தியாசமாக ஏதாவது வேண்டும் என்று கேட்டார்கள். லாரிக்கும் லேத்துக்கும் பொட்டு வைக்கிற படத்தை ஆண்டுதோறும் போட்டு அவர்களுக்கே சலித்திருந்தது. சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில், பெரிய நிலக்காரர் வீட்டில், பூசையில் துப்பாக்கி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் சிவசிதம்பரம். அப்போது அவருக்கு எழுபத்தேழு வயது.

நான் போனபோது பூசை முடிந்திருந்தது. கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் சாவி, பள்ளி ஆசிரியையான அவர் மகள் மங்கையின் மடிக்கணினி. தனியாக விரித்த பட்டுத்துணியில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி. சந்தனப் பொட்டு மரக்கட்டையில் மட்டும் இருந்தது.

"குழல்ல வெச்சா துரு ஏறும். சாமிக்கு அது தெரியும், கோவிச்சுக்காது" என்றார் சிவசிதம்பரம்.

அது ஒரு ஜோடியில் ஒன்று. அவருடைய தாத்தா லண்டனிலிருந்து இரண்டாகச் செய்து வரவழைத்தவை. ஒன்றால் சுடும்போது மற்றதில் ஆள் தோட்டா போட்டுக் கொடுப்பானாம். வீராணம் ஏரியில் உள்ளான், கிளுவைப் பறவைகள் கூட்டமாக எழும்பும்போது அதற்குத்தான் இரண்டு. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் தங்கத்தில் 1, 2 என்று எண் பதித்திருந்தது. வீட்டில் அவற்றைப் பெரியவன், சின்னவன் என்பார்கள். வேட்டைக்குத் தடை வந்த பிறகு இரண்டும் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

"கையளவு கேட்டு லண்டன்லேருந்து லெட்டர் வந்துதாம். எங்க தாத்தா சிதம்பரத்து டெய்லரக் கூப்பிட்டு அளவு எடுத்து அனுப்புனாரு. அந்த ஆளு பழக்கதோஷத்துல இடுப்பளவையும் சேத்து எழுதிட்டான். வெள்ளக்காரன் என்னா நெனச்சானோ!"

பெட்டியைக் காட்டினார். தடித்த தோல் பெட்டி. உள்ளே சிவப்புக் கம்பளி. இரண்டு துப்பாக்கிகளின் குழலுக்கும் கட்டைக்கும் அளவெடுத்தாற்போல் நான்கு பள்ளங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதையை அப்போதுதான் சொன்னார்.

"நெலத்தப் பிரிச்சோம். வீட்டப் பிரிச்சோம். அண்டா குண்டான்லாம் கூடப் பிரிச்சோம். துப்பாக்கியும் ஆளுக்கு ஒண்ணு, லைசென்சும் ஆளுக்கு ஒண்ணு. பெட்டிய என்னா பண்றது? ரம்பம் வெச்சு அறுக்கறதா? இங்கயே இருக்கட்டும்னுட்டான் தம்பி. அவன் கடலூர்ல மஞ்சக்குப்பத்துல இருக்கான். வருசா வருசம் இன்னிக்கு வந்து, தன்னுத தானே தொடச்சு வெச்சுட்டு, சாப்ட்டுட்டுப் போவான். எலெக்‌ஷன் வந்தாத்தான் ரெண்டும் பிரியும். எனுது இங்க ஸ்டேஷனுக்குப் போவும், அவனுத அவன் எடுத்துக்கிட்டுப் போயி கடலூர்ல குடுப்பான். முடிஞ்சா நேரா பெட்டிக்கு."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். உரிமம் ஆளுக்கு ஒன்று. இருப்பது ஒரே வீட்டில். என் குறிப்பேட்டில் அந்த இரண்டு உண்மைகளும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. இரண்டையும் சேர்த்து நான் படிக்கவில்லை.

பெரியவனைப் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் அலுவலகத்துக்கு விடுமுறை. அதற்கடுத்த நாள் பக்கத்தை அன்றே முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அங்கே அவசரம். பத்து நிமிடத்தில் துணை ஆசிரியர் அழைத்தார்.

"சார், ஒண்ணு இருந்தா அது துப்பாக்கி. ரெண்டு இருந்தாத்தான் ஸ்டோரி. ஜோடியா வேணும்."

சிவசிதம்பரத்திடம் கேட்டேன். தலையை ஆட்டினார். "ஒண்ணு போதுமே. தம்பி இந்த வருசம் வரல. நாளன்னிக்குக் கண்ணு ஆப்பரேசன், புகை தூசி ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

துப்பாக்கி இங்கேதானே இருக்கிறது, ஒரு நிமிட வேலை என்றேன்.

"அவனுது அது பத்திரிகக்காரரே. அவன் இல்லாம வெளிய எடுக்கறது சரியில்ல. அடுத்த வருசம் வாங்க. ரெண்டு பேருமா நிக்கிறோம், ஜோடியா எடுத்துக்குங்க."

இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது செய்தி ஆசிரியராக இருந்தவர், 'ஒருவர் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில்தான் செய்தி இருக்கிறது' என்பார். அவர் சொன்னது அதிகாரிகளையும் காண்ட்ராக்டர்களையும் பற்றி. தன் வீட்டுக் கூடத்தில் எனக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் நான் அதைப் பயன்படுத்தினேன். அவருடைய தயக்கத்தைத் தம்பிப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் சரியில்லை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எண் எங்கே பதித்திருக்கிறது, எந்தப் பறவை, எந்த ஏரி என்றெல்லாம் கேட்ட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

"தம்பியையே கேட்டுவிடலாமே, போன் போடுங்கள்" என்றேன்.

போட்டார். ஸ்பீக்கரில் தம்பி நடராசனின் குரல் வந்தது. "என்னாண்ணே, எனக்கு வெச்ச சுண்டலு ஆறிப்போச்சா?"

"நீ ஒரு சுண்டலப் புடிச்சவன்டா. பேப்பர்லேருந்து வந்திருக்காரு. ஜோடியா படம் வேணுங்கறாரு."

"எடுத்துக்கச் சொல்லுண்ணே. நான்தான் வரல, அவனாச்சும் பேப்பர்ல வரட்டும்."

அண்ணன் சிரித்துவிட்டார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சின்னவனைப் பெட்டியிலிருந்து எடுத்தார். இரண்டையும் பட்டுத்துணியில் இணையாக வைத்தார். கொல்லைக் கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் 1, 2 இரண்டும் துல்லியமாகத் தெரிந்தன. என் பணிக்காலத்தில் நான் எடுத்த நல்ல படங்கள் ஐந்து என்றால் அவற்றில் அது ஒன்று.

கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'தேர்தல் காலத்தில் மட்டும் இரண்டு காவல் நிலையங்களில் பிரிந்திருக்கும் இந்த இரட்டையர், மற்ற நாளெல்லாம் அண்ணன் வீட்டில் ஒரே பெட்டியில் உறங்குகிறார்கள்.' பலர் அந்த வரியைப் பாராட்டினார்கள்.

கட்டுரை வந்த மூன்றாம் நாள் அந்தப் பகுதி இன்ஸ்பெக்டர் எனக்குப் போன் செய்தார். பழக்கமானவர்தான்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். மேலேருந்து கட்டிங் வந்திருக்குது. ஒரு வரிக்குக் கீழ செவப்புக் கோடு." எந்த வரி என்று அவர் படிக்கத் தொடங்கியதுமே என் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். "அந்த லைசென்ஸ் கடலூர் விலாசத்துல இருக்குது, சாமான் இங்க இருக்குது. ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான், யாரும் எழுதிக் குடுக்கல. இப்ப பேப்பர்லயே வந்துட்டுது. நான் என்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது பறிமுதல் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். நடராசன் அப்போது புதுச்சேரியில் கண்ணில் கட்டோடு மருத்துவமனையில் இருந்தார். சிவசிதம்பரம் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"மாசத்துக்கு ஒருக்கா குழல்ல தொட்டுத் தொடைக்கச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டருக்கு அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஏட்டு அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். துப்பாக்கி இரண்டு, எண்ணெய்ப் புட்டி ஒன்று.

அவரை ஜீப்பில் ஏற்றும்போது தெருவே நின்று பார்த்தது. அந்தக் குடும்பத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன முதல் ஆள் அவர். மாலைவரை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள், பிறகு ஜாமீன். நான் அருகில் போனபோது, "அவன் இல்லாம எடுக்க வேணாம்னு சொன்னேன்ல" என்றார். கோபம் இல்லை. மறந்துபோன ஒன்றை எனக்கு நினைவூட்டுவதுபோல் சொன்னார். உடையவன் பக்கத்தில் இருந்தால் குற்றமில்லை என்று அவருடைய அப்பா எப்போதோ சொல்லியிருந்தாராம். அவருக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அதைத்தான் அவர் கூடத்தில் எனக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்ததாக அண்ணன் மீதும், கொடுத்து வைத்ததாகத் தம்பி மீதும் வழக்கு. முதல் எதிரி, இரண்டாம் எதிரி. தண்டனை என்றால் சிறை. அரசுத் தரப்பில் என்னையும் சாட்சியாகச் சேர்த்திருந்தார்கள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மங்கை என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வக்கீல் ஒரு வழி சொல்றாரு சார். சித்தப்பா பூசைக்கு எடுத்துக்கிட்டு வந்தாரு, ஆப்பரேசன் அவசரத்துல வெச்சுட்டுப் போயிட்டாருன்னு சொல்லலாமாம். நீங்க எழுதின வரிய வர்ணனைன்னு தள்ளிடலாம்ங்கறாரு. ஆனா அன்னிக்கு அவரு அங்க இருந்தாருன்னு வெளியாள் ஒருத்தர் சொல்லணும். நீங்கதான் இருந்தீங்க."

நாற்காலியை மறுபடி அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அப்பாவுக்கு எழுபத்தொம்பது ஆவப்போவுது. ஜெயில்ல செத்தா என்னா பண்றது சார்? பொய் சொல்லுங்கன்னு கேக்கறேன். எனக்குத் தெரியுது. பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவ நான்."

யோசிக்கிறேன் என்றேன். அது ஒரு பதிலே இல்லை. அந்த அம்மாள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார் என்பது எனக்குத் தெரியும். திருத்தவில்லை.

சிதம்பரத்தில் நீதிமன்றத்தில் சான்றுப் பொருள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். இரண்டு துப்பாக்கிகள் மீதும் அரக்கு முத்திரை, சணல் கயிற்றில் அட்டை. எண்ணெய்ப் புட்டி திறக்கப்படவே இல்லை. குழல்களில் மிளகு தூவினாற்போலப் பழுப்புப் புள்ளிகள். சிவசிதம்பரம் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டார். "ஐயா, தொடக் கூடாது" என்று ஊழியர் தடுத்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பழைய இடத்தில் போய் நின்றார்.

படத்தில் இருப்பவை இவைதானா என்று அரசு வக்கீல் கேட்டார். எண்ணைப் பார்த்து ஆமாம் என்றேன். பிறகு அவர்கள் வக்கீல் எழுந்தார். திறமையான, மென்மையான மனிதர்.

"மற்ற நாளெல்லாம் ஒரே பெட்டியில் உறங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற நாள்களில் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் அது உங்கள் வர்ணனை."

"அந்தச் சொற்கள் என்னுடையவை" என்றேன். பின் வரிசையில் மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பூசையன்று கூடத்தில் இருந்தீர்கள். கொல்லைப் பக்கம் போனீர்களா?"

"இல்லை."

"இரண்டாம் எதிரி அந்த நேரத்தில் கொல்லையில் இருந்திருக்கலாம், உங்கள் கண்ணில் படாமல். அப்படித்தானே?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்காகவே அவர் கேள்வியை அப்படி அமைத்துக் கொடுத்திருந்தார். நடராசன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இல்லை. அவர் கடலூரில் இருந்தார். படம் எடுக்க அவரிடம் போனில் அனுமதி கேட்டார்கள். கேட்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

வெளியே வராந்தாவில் மங்கை என்னை நிறுத்தினார். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சார். அவ்வளவுதானே கேட்டாரு." நடராசன் அவர் கையைப் பிடித்து, "வுடும்மா. எடுத்துக்கச் சொன்னவன் நானு. அவர ஏன் கேக்கற?" என்று கூட்டிப்போனார். சிவசிதம்பரம் படியில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

சரியாகச் செய்தேனா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். சத்தியம் செய்துவிட்டு வேறு என்ன சொல்வது என்பார்கள் சிலர். இன்றைக்குக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்த உண்மை எனக்குச் செலவே வைக்கவில்லை. என் பெயர் கெடவில்லை, என் வேலை போகவில்லை. செலவெல்லாம் அவர்களுக்குத்தான். நான் தவறு செய்தது நீதிமன்றத்தில் அல்ல என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அவர் ஒன்று போதும் என்று சொன்னபோது நான் ஒன்றோடு திரும்பியிருக்க வேண்டும். துணை ஆசிரியர் இன்னொரு முறை போன் செய்திருப்பார், பக்கத்தில் ஒரு லாரிப் படம் வந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஒருவர் தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள். சமாதானம் சொல்லாதீர்கள். சமாதானம் சொல்வதில் நமக்குப் பயிற்சி அதிகம். நாம் பேசினால் ஆட்கள் இணங்கிவிடுவார்கள். நான் பயப்படச் சொல்வது அந்தத் திறமையைப் பார்த்துத்தான்.

தீர்ப்புக்கு முன்பே சிவசிதம்பரம் இறந்துவிட்டார். எனக்கு ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. காலையில் மங்கையிடமிருந்து போன் வந்தது. நீதிமன்ற வராந்தாவுக்குப் பிறகு அன்றுதான் பேசினார்.

"அப்பா போயிட்டாரு சார். உங்க பேப்பர்லதான் போடணும். கடைசிவரைக்கும் அதத்தான் வாங்கினாரு, வேற வாங்கட்டுமான்னா வேணாம்னுட்டாரு. பேரு, வயசு, நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கறது, அது போதும். வேற ஒண்ணும் எழுதாதீங்க. படமும் வேணாம்."

நான்கு வரி எழுதி அனுப்பினேன். அரை மணியில் துணை ஆசிரியர் அழைத்தார். இவர் புதியவர், உங்கள் வயதுதான்.

"சார், இவரு அந்தத் துப்பாக்கி ஐயாதானே? செம படம் சார் அது. இங்க சிஸ்டத்துல சின்னதாத்தான் இருக்குது. ஒரிஜினல் அனுப்புங்க, மூணு காலம் போடலாம். கேஸப் பத்தியும் ஒரு பாரா சேத்துடலாம்."

வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றேன்.

"பழைய படம்தானே சார், ஏற்கெனவே வந்ததுதானே?"

அவர் சொன்னதில் தவறில்லை. பொதுவில் வந்துவிட்ட படம், பொதுவில் நடந்த வழக்கு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். அதற்கு மேலும் பேசி இணங்கவைத்திருப்பேன்.

"அசல் இல்லை தம்பி. அந்த மெமரி கார்டு கெட்டுப்போய்விட்டது. வழக்கைப் பற்றியும் என்னிடம் எழுத ஒன்றும் இல்லை" என்றேன்.

அந்தக் கார்டு மேசை இழுப்பறையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அலுவலகத்துக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குள் போய்விட்டேன். வாசலில் பந்தலுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடராசன் தலைமாட்டில் நின்றிருந்தார். அவர்மேல் வழக்கு இன்னும் இருந்தது. இனி அவர் ஒருவர்தான் எதிரி. மங்கை கூடத்திலிருந்து வெளியே வந்தார். நாற்காலியில் கிடந்த அன்றைய இதழை எடுத்து, என் முன்னாலேயே ஆறாம் பக்கத்தைப் புரட்டினார். நான்கு வரியையும் படித்தார். மேலே கீழே, பக்கத்துப் பத்தியில், படம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்து வைத்தார்.

"சரியா இருக்குது சார்" என்றார்.

அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை.